பால்சீனி நுழையும் வாசல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு புரதத்தை முன்னிட்டு எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. நிலத்துக்காகச் சண்டை போடுகிற குடும்பம் உண்டு, நகைக்காகப் போடுகிற குடும்பம் உண்டு. கண்ணுக்கே தெரியாத ஒரு பாக்டீரியாவின் தோலில் புதைந்திருக்கிற, அந்தப் பாக்டீரியாவைவிடப் பல நூறு மடங்கு சின்னதான ஒரு பொருளுக்காகச் சண்டை போட்ட குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் அப்போதுதான் மதுரையில் நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. முடித்திருந்தேன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பி.எச்டி.க்கு இடம் கிடைத்திருந்தது. பாலில் இருக்கும் சர்க்கரையைப் பாக்டீரியா எப்படித் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதே வாரம் வத்திராயிருப்பிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை, வீட்டுக்குத் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. மாமியாராக வரப்போகிறவர் வாய் நிறையச் சிரிப்பவர். குறை சொல்ல ஒன்றுகூட அகப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா உடனே சரி என்றுவிட்டார். எங்களுக்குத் தேரடிக்குப் பக்கத்தில் பால்கோவாக் கடை. பின்கட்டில் அடுப்பு, முன்கட்டில் விற்பனை. அப்பா எந்நேரமும் அடுப்படியில் இரும்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்பார். அங்கிருந்தபடியே, "போகட்டும், படிக்கட்டும்" என்றார். ஆனால் கடையும் வீடும் அம்மாவின் ராஜ்யம். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

அம்மா முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பட்டினி கிடந்து, அழுது, கதவைச் சாத்திக்கொண்டு ஏதாவது செய்திருப்பேன். அவள் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஏட்டி, அங்க போயி என்ன செய்யப் போறேன்னு எனக்குப் புரியுறாப்புல சொல்லு. புரிஞ்சுட்டா நான் குறுக்க நிக்கல. புரியலைன்னா வத்திராயிருப்பு. உங்க அக்கா கல்யாணத்துக்கு அவுகளும் வருவாக. அன்னைக்கு ஒரு பதில் சொல்லியாகணும்."

அக்கா என்றது ராஜபாளையத்துப் பெரியப்பாவின் மகளை. பெரியப்பா அங்கே நூல் மில்லில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு நாள் நிறைய இருந்தது. எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு, எட்டாம் வகுப்பு படித்த அம்மாவுக்கு ஒரு விஷயத்தைப் புரியவைப்பதா கஷ்டம் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்.

முதல் நாளே சறுக்கியது.

"அம்மா, பால்ல சர்க்கரை இருக்குல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"நாங்க போட்டா இருக்கும்."

"நீங்க போடுறதுக்கு முந்தியே இருக்கும்மா. பாலுக்குன்னு தனிச் சர்க்கரை."

அம்மா எடைத்தட்டில் இருந்த பால்கோவாவைப் பொட்டலம் கட்டாமல் நிறுத்திவிட்டு, பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கேட்டீகளா? பால்லயே சீனி இருக்காம். மூடை மூடையா வாங்கிக் கொட்டுதீகளே, எதுக்கு?"

அப்பா சட்டியைக் கிண்டியபடியே சிரித்தார். நான் விடாமல், அந்தப் பால்சீனி அவ்வளவாக இனிக்காது என்றும், பாலில் வளரும் கிருமிகள் பலவற்றுக்கு அதுதான் சாப்பாடு என்றும் சொன்னேன். இனிக்காத சீனிக்குப் பெயர் சீனியா என்று அம்மா கேட்டாள். கடைக்கு வந்திருந்த ஒருவர், அம்மா சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பாடம் அத்தோடு முடிந்தது.

இரண்டாம் தடவை படம் போட்டேன். பாக்டீரியாவைச் சுற்றி எண்ணெய்ப்பசையான ஒரு சவ்வு இருக்கிறது. சர்க்கரை தண்ணீரோடு சேர்கிற பொருள், எண்ணெயோடு சேராது. ஆகையால் அந்தச் சவ்வைத் தாண்டி அதுவாக உள்ளே போக முடியாது. அதற்கென்று சவ்வில் ஒரு புரதம் பதிந்திருக்கிறது. நீளமான ஒரே சரம், சவ்வுக்குள் போய் வெளியே வந்து, மறுபடி போய் வந்து, பன்னிரண்டு முறை குறுக்கே ஓடுகிறது. அந்தப் பன்னிரண்டு சுருள்களும் கூடி நிற்கிற நடுவில் சர்க்கரை உட்கார ஓர் இடம். வெளிப்பக்கம் திறந்து சர்க்கரையை வாங்கும். வெளிப்பக்கம் மூடிக்கொண்டு உள்பக்கம் திறந்து அதை விடும். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்க," என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராஜபாளையம் போய்ப் பெரியப்பாவிடம் நூல் சுற்றுகிற பழைய பேப்பர் கோன்கள் ஒரு டஜன் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்காமலே கொடுத்தார். பன்னிரண்டையும் வட்டமாக நிறுத்தி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினேன். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம், அதுதான் சர்க்கரை. மேலே இழுத்தால் மேல்வாய் விரியும், கீழே இழுத்தால் கீழ்வாய். எந்தச் சுருளுக்குப் பக்கத்தில் எந்தச் சுருள் நிற்கிறது என்பது அப்போது உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் நான் ஏதோ நேரில் பார்த்து வந்தவளைப்போலக் கம்பீரமாக அடுக்கிவைத்திருந்தேன்.

அதைக் கடைப் பலகைமேல் வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது, கிருஷ்ணன்கோவில் பக்கத்திலிருந்து வழக்கமாக வருகிற ஒரு பெரியவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"என்ன தாயீ இது, புது வெடியா? சிவகாசிலேருந்து வந்துச்சா?"

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கோன்களை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். எலுமிச்சம்பழம் மட்டும் உருண்டு கீழேயே கிடந்தது. மத்தியானம் அது ஊறுகாய்க்குப் போய்விட்டது.

நான்காம் தடவைதான் கொஞ்சம் பலித்தது. மதுரையில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னேன். பால்சீனி கலந்த கூழில் பாக்டீரியாவை வளர்ப்போம். சீனியைத் தின்றால் புள்ளிகள் செக்கச்செவேலென்று ஆகும். தின்னாவிட்டால் வெளிறிப்போய் இருக்கும். அதில் ஒரு ரகம் விசித்திரமானது. சீனியை வெட்டிச் செரிக்கிற நொதி அதன் வயிற்றில் தயாராக இருக்கும். ஆனால் சீனியை உள்ளே கொண்டுவருகிற அந்தப் புரதம் மட்டும் பழுது. சுற்றிலும் சீனி, உள்ளே நல்ல ஜீரண சக்தி, ஆனாலும் புள்ளி வெளிறித்தான் இருக்கும்.

அம்மா கையிலிருந்த தராசை வைத்துவிட்டாள். "பாலுக்குள்ளயே கெடந்து பட்டினியா?"

"ஆமாம்மா."

"அடப்பாவமே."

அன்று முழுவதும் அவளுக்கு அதே நினைப்பு. பால் கொண்டுவருகிற அண்ணனிடம் சொன்னாள், பூக்காரம்மாவிடம் சொன்னாள். இனிப் பிரச்சினையில்லை, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நான் மனசுக்குள் குதித்தேன். சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன். அது பட்டினி கெடக்கது பாவந்தான். அதுக்காக நீ எதுக்குட்டி பெங்களூர் போகணும்?"

ஊமை கண்ட கனவாக இருந்தது என் நிலைமை. உள்ளுக்குள் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, வெளியே சொன்னால் வேறென்னவோ ஆகிவிடுகிறது. நாளும் ஓடிவிட்டது. அக்கா கல்யாணம் வந்தேவிட்டது.

இங்கே அம்மாவின் இன்னொரு உத்தியோகத்தைச் சொல்லவேண்டும். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்திக் கதவுக்கு அம்மாதான். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள். முகூர்த்தம் முடிந்ததும் சாப்பாட்டு அறைக் கதவில் கூட்டம் அலைமோதும். அங்கே ஆண்பிள்ளையை நிறுத்தினால், "என்னையவா நிறுத்துத?" என்று கைகலப்பில் போய் முடியும். பெண்பிள்ளை நின்றால் யாரும் நெருக்கித் தள்ளமாட்டார்கள். எண்பதுகளில் ஏதோ ஒரு கல்யாணத்தில், தள்ளுமுள்ளில் ஒருவர் வேட்டி கிழிந்த பிறகு, அம்மா தானாகப் போய்க் கதவில் நின்றிருக்கிறாள். அதிலிருந்து பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எல்லாம், "மதினி, கதவுக்கு நீங்கதான்" என்று சேர்த்தே சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு, வெளியே காட்டமாட்டாள்.

ராஜபாளையத்தில் அந்த மண்டபத்தில் சாப்பாட்டு அறைக்கு முன்னால் ஒரு குறுகலான நடை. நடையின் இந்த முனையில் ஒரு கதவு, அந்த முனையில் ஒரு கதவு. அம்மா முன்கதவில் நிற்பாள். ஒரு பந்திக்கு எவ்வளவு பேரோ அவ்வளவு பேரை நடைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வளையல் கையால் சாத்திய கதவைத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உள்கதவு திறக்கவேண்டும். எல்லாரும் இலையில் உட்கார்ந்து உள்கதவு சாத்துகிறவரை முன்கதவு திறக்காது. மந்திரியே வந்தாலும் திறக்காது.

அதில் அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. கல்யாணத்தில் பிள்ளைகள் யாரும் கூப்பிடாமலே பந்திக்கு ஓடுவார்கள். பெரியவர்களோ, பசி காதை அடைத்தாலும், "இருக்கட்டும், மொதல்ல அவிய உக்காரட்டும்" என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். கையைப் பிடித்து இழுக்க ஆள் வேண்டும். அம்மா தனியாக வருகிற பிள்ளையை உள்ளே விடவே மாட்டாள். "ஒரு பெரியாளக் கூட்டிட்டு வா, விடுதேன்" என்பாள். பிள்ளைகள் பறந்து போய்த் தாத்தாவையோ அத்தையையோ தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவார்கள். உபசாரம் செய்து அழைத்து வரத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை.

உள்கதவு வழக்கமாகப் பெரியம்மாவுடையது. இந்தத் தடவை அவரே பெண்ணுக்குத் தாயார், மேடையை விட்டு இறங்க முடியாது. அதனால் உள்கதவு என் பொறுப்பு ஆனது.

முதல் பந்தி அழகாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. உள்ளே பரிமாறலைப் பார்த்துக்கொண்டவர் பெரியப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஒவ்வொரு பந்தி உள்ளே வரும்போதும் "ராண்டி, ராண்டி" என்று கையை விரித்துக் கூப்பிடுவார். எனக்கும் வேலை பிடித்துப்போயிற்று.

மூன்றாவது பந்திக்கு நடையில் ஆள் நிறைந்துகொண்டிருந்தது. முன்கதவு இன்னும் சாத்தவில்லை. உள்கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். முதல் ஆளாக, கதவை ஒட்டி, வத்திராயிருப்பு அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

மாமியாராக வரக்கூடியவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதா? எனக்கு அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பது வேறு விஷயம். வேண்டாம் என்பதாலேயே மரியாதையை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கவேண்டும்போலத் தோன்றியது. "வாங்க வாங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டேன்.

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே கோட்டில் இலையும் அப்பளமும் தெரிந்துவிட்டன. நடை வழியாக ஜனம் வெள்ளமாக வந்தது. அம்மா "ஏட்டி! ஏட்டி!" என்று கத்தியது மட்டும் கேட்டது. பிள்ளைகள் முன்னால் ஓடி வந்து இலை இலையாகப் பிடித்துக்கொண்டார்கள், எவன் கையிலும் பெரியவர் இல்லை. பாயச வாளி வைத்திருந்தவர் சுவரோரம் ஒண்டினார். தெலுங்குக்காரர் விரித்த கையைச் சுருக்கவும் மறந்து, "ராண்டி" என்பதைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார். வத்திராயிருப்பு அம்மாவைக் கூட்டம் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஊறுகாய் மேசைப் பக்கம் விட்டது. எல்லாவற்றையும்விட மோசம், கல்யாண மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார இலையில்லாமல் நடுவில் நின்றார். ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமன் சாப்பிடாமல் போனால் அந்தப் பேச்சு மூன்று தலைமுறைக்கு ஓயாது.

அம்மா என்னைத் திட்டக்கூட நிற்கவில்லை. நேரே இலை வரிசைக்குப் போய், லட்டைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப்பெண்ணைக் கண்டுபிடித்தாள். தாய்மாமனின் பேத்தி. "உங்க தாத்தாவக் கூட்டிட்டு வந்தாத்தான் பாயசம். ஓடு." பிள்ளை லட்டோடு ஓடியது. வாசல் வரை போய்விட்ட மனுஷனின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் இன்னும் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, ஆனால் கால் பேத்தி பின்னாலேயே வந்தது. அம்மா தன் கையால் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பக்கத்தில் நின்று பரிமாறினாள். இரண்டாம் தடவை சாம்பார் கேட்டபோது, கண்டம் தாண்டிவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது.

கதவில் நிற்கிறவர்களுக்குக் கடைசிப் பந்தி. வெயில் இறங்குகிற நேரத்தில் நானும் அம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். வடை தீர்ந்திருந்தது, ரசமும் கூட்டும் இருந்தன. அம்மா முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எவளாவது ரெண்டு கதவையும் ஒண்ணாத் திறப்பாளா? எம்புட்டு படிச்சிருக்க!"

ரோஷமெல்லாம் போய்விட்டிருந்தது எனக்கு. சும்மா இருந்திருக்கலாம். வாய் தானாகச் சொன்னது. "அதுலயும் இப்படித்தாம்மா. ரெண்டும் ஒண்ணாத் திறந்தா அது பொழைக்காது."

"எதுல?"

"அதான், அந்தப் பாக்டீரியால. பால்சீனி உள்ள போற வாசல். வெளிப்பக்கம் திறந்தா உள்பக்கம் மூடியிருக்கணும். ஒரே நேரத்துல ரெண்டும் திறந்து கெடந்துச்சுன்னா வெளிய இருக்கதெல்லாம் கட்டுக்கு அடங்காம உள்ள வந்துரும். அதோட சத்தெல்லாம் வடிஞ்சு செத்துப்போகும்."

அம்மா ரசத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. ஆனால் காது இங்கே இருந்தது. நான் மெதுவாகத் தொடர்ந்தேன். புரோட்டான் என்று ஒன்று, பொடிசு. அது வெளியே நிறைய இருக்கும், உள்ளே குறைச்சல். எப்போது கதவு திறக்கும், ஓடலாம் என்று நிற்கும். சீனிக்கு அப்படி இல்லை. உள்ளே ஏற்கெனவே சீனி சேர்ந்திருந்தால் மேற்கொண்டு போக அதற்குத் தெம்பு கிடையாது. அந்த வாசலில் புரோட்டான் தனியாக உள்ளே போக முடியாது, சீனியும் தனியாகப் போக முடியாது. ரெண்டும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கதவு மாறும். ஓடுகிற அவசரத்தில் புரோட்டான் சீனியையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அம்மா நிமிர்ந்தாள். "பிள்ளைக தாத்தாவ இழுத்துட்டு வாரது கணக்கா?"

"அச்சு அசலா அதேதாம்மா!" என்று நான் கத்திய கத்தலில், இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதச் சொல்லவா கோனு, எலுமிச்சம்பழம்லாம்?" என்றாள். பிறகு மோர் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினாள். மோர்ச் சோறு பாதியில் இருக்கும்போது கேட்டாள்.

"அங்க கதவுல யாரு நிக்கா?"

"யாரும் நிக்கலம்மா."

"நிக்காம? நான் இங்க தட்டுதேன், நீ அங்க திறக்க. ரெண்டு பேரு முழிச்சிட்டு நின்னே இன்னைக்கு இந்தக் கூத்து. ஆளே இல்லாம, ஒரு கதவு மூடிருச்சுன்னு இன்னொரு கதவுக்கு எப்படித் தெரியும்?"

பரீட்சையில் எழுதிய பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. வடிவ மாற்றம், பிணைப்பு இடம், அது இது என்று இத்தனை நாளும் ஒப்பித்ததுபோலவே ஒப்பித்திருப்பேன். களைப்போ, மத்தியானம் பட்ட அவமானமோ, அன்றைக்கு அந்தச் சொற்களைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை.

"தெரியலம்மா," என்றேன். "சீனி வந்து உக்காந்த உடனே அந்தப் புரதம் ஆடி வளைஞ்சு மாறுதுன்னு மட்டும் தெரியும். எந்த இடத்துல எது அசையுது, மூடுனத அடுத்த பக்கத்துக்கு எது சொல்லுது, அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அதோட உருவத்தையே இன்னும் ஒருத்தரும் பாத்ததில்ல. பன்னெண்டு சுருளையும் நானா ஒரு ஒழுங்குல அடுக்குனேன். ஒவ்வொரு இடமா மாத்தி மாத்தி வச்சு, எது போனா கதவு வேலை செய்யாம நிக்குதுன்னு தடவித் தடவித்தான் பாக்காங்க. பெங்களூர்ல அந்த வேலைதான்."

சொல்லி முடித்ததும் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். புரியுறாப்புல சொல்லு என்றவளிடம் எனக்கே தெரியாது என்று சொல்லிவிட்டேன். இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். கண்ணீர் மோரில் விழுந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

அம்மா சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து எழுந்தாள். கை கழுவுகிற இடத்தில் வத்திராயிருப்பு அம்மா பைகளோடு நின்றார். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஊறுகாய் மேசையில் இடித்த சேலையில் எண்ணெய்க் கறை. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"மதினி, நாங்க வாரோம். அந்தப் பேச்சுக்கு ஒரு பதில் சொன்னீங்கன்னா தேவலை. பையனுக்கு வேற எடமும் வருது."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பையன் தங்கமான பையன், மதினி. வேற எடம் வந்தா முடிச்சுருங்க. எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். இவ பெங்களூர் போறா."

"வேலைக்கா?"

"ஒரு கதவப் பாக்கதுக்கு," என்றாள் அம்மா. "பாலு கெட்டுப்போகுதுல்ல, அது பண்ணுத கிருமிக்கு ஒரு கதவு இருக்காம். ஒண்ணு மூடுனாத்தான் இன்னொண்ணு திறக்குமாம். நிக்கதுக்கு ஆளு கெடையாது. நான் இம்புட்டு கல்யாணத்துல கால் கடுக்க நிக்கேன், அங்க தானா நடக்குதாம். எப்படி நடக்குன்னு ஒருத்தருக்கும் தெரியலையாம், மதினி. போயிப் பாக்கட்டும்."

வத்திராயிருப்பு அம்மா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியாது. என் கன்னத்தைக் கிள்ளி, "நல்லாப் பாரு தாயீ. ஆனா அங்கயும் ரெண்டையும் ஒண்ணாத் திறந்துராத," என்றுவிட்டுப் போனார். அப்படி ஒரு மாமியாரை விட்டுவிட்டோமே என்று அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. சந்தோஷத்தில் சத்தம் போட்டுப் பாடலாம்போல இருந்தது, பக்கத்தில் கோழியோடு ஒருவர் உட்கார்ந்திருந்ததால் பாடவில்லை.

பெங்களூர் ஆராய்ச்சி நினைத்ததுபோல அவ்வளவு லேசாக இல்லை. அந்தப் புரதத்தைச் சவ்வை விட்டு வெளியே எடுத்தாலே சுருண்டு கெட்டுப்போகும். பெரிய பெரிய இடங்களிலேயே அதைப் பளிங்காக்கி உருவம் பார்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் புரதச் சரத்தில் ஒவ்வொரு கண்ணியாக மாற்றி, சீனி போகிறதா நிற்கிறதா என்று பார்த்தோம். பல மாதங்களுக்கு ஒருமுறை, இந்தக் கண்ணி அந்தக் கண்ணிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று ஒரு வரி தெரியவரும். அந்த ஒரு வரிக்காக நாங்கள் எல்லாரும் காபி சாப்பிடப் போவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் போன் பண்ணுவேன். மற்ற பெண்களின் அம்மாக்கள் சாப்பிட்டியா என்று ஆரம்பிப்பார்கள். என் அம்மா, "கதவு தெரிஞ்சுதா?" என்று ஆரம்பிப்பாள்.

"இன்னும் இல்லம்மா."

"ம். சரி."

இப்படியே வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு, சோதனை ஒன்று கெட்டுப்போய் மனசு விட்டுப்போயிருந்த நேரம். இனி என்னால் முடியாது, ஊருக்கே வந்துவிடுகிறேன், கடையில் உட்காருகிறேன் என்று சொல்லத்தான் அன்றைக்குப் போனை எடுத்தேன். வழக்கம்போலவே கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். என் குரல் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், சற்று நேரம் பின்கட்டில் அப்பா சட்டியைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பையப் பையப் பாரு. விட்டுட்டு மட்டும் வந்துராத. இங்க கேட்டுக்கிட்டு இருக்காக."

கேலி செய்கிறார்கள் போல என்று எனக்குச் சுருக்கென்றது. "யாரும்மா கேக்கா?"

"நான்தான்," என்றாள்.